எதிர்த்துப் பேசாத மேடம்

கண்ணாடி அறைக்குள், சுழல் நாற்காலியில், மேஜைமேல் இரண்டு போன்களோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்ததுமே அண்ணனுக்குத் தெரிந்துபோயிற்று, தன் தங்கையைப் பாடாய்ப் படுத்துகிற மேடம் இவள்தான் என்று. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனி அது. "ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கு, பெரிய கம்ப்ளெயின்ட்" என்று அவன் உறுமியதும், வாசலில் இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல் இந்த அறையைக் கைகாட்டிவிட்டாள்.

"உக்காருங்க சார்," என்றாள் அந்த அம்மாள்.

"உக்கார வரல. இங்க புகார் கேக்கற வேலை பாத்தாளே ஒருத்தி, அவ அண்ணன் நான்."

அம்மாளின் முகம் வெளுத்தது. வெளுக்கட்டும், நன்றாக வெளுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். போட்டது போட்டபடி கிளம்பி வந்ததில் கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்கவில்லை.

"என் தங்கச்சி எப்பேர்ப்பட்ட வாயாடி தெரியுமா? அவ பேச ஆரம்பிச்சா நாங்க மூச்சு விடறதுக்கே இடம் தேடணும். இப்ப என்ன பேசறா தெரியுமா? குக்கர் விசில் அடிச்சா 'சாரி சார், உடனே பாக்கறோம் சார்'ங்கறா. குக்கர்கிட்ட. தூக்கத்துலயும் அதே புலம்பல்தான். டாக்டர் இனிமே போன் பக்கமே போகக் கூடாதுன்னுட்டார்."

"புரியுது சார்."

"என்ன புரியுது? வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்தாச்சு. அப்புறமும் தினம் போன் பண்ணி, வேற ஆள் கிடைக்கற வரைக்கும் வந்து உக்காரு, இல்லைன்னா கேஸ் போடுவேன்னு மிரட்டறது எந்த ஊரு நியாயம்? போன்ல மேடம்னு பேரு வந்தாலே எழுந்து நின்னுடறா. என்கிட்டயும் போனைக் குடுக்க மாட்டேங்கறா, சண்டையாயிடுமாம்."

அம்மாள் தலையை ஆட்டினாள்.

"நேத்து போன் வரல. வரலைன்னதும்தான் எனக்குப் பயமே வந்துச்சு. நிஜமாவே கேஸ் போடப் போறீங்களா? மறுபடி இங்க கொண்டாந்து உக்கார வச்சீங்கன்னா அவ எங்களுக்குத் திரும்பக் கிடைக்க மாட்டா. அதுக்குத்தான் வந்திருக்கேன். அவளை விட்டாச்சுன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்."

"எழுதிக்கறேன் சார்," என்று அம்மாள் ஒரு இழுப்பறையைத் திறந்தாள். மூடினாள். அடுத்ததைத் திறந்தாள். அதிலும் தேடியது இல்லை போலிருக்கிறது, குனிந்து கீழே இருந்ததையும் இழுத்துப் பார்த்தாள்.

பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு. "பேனா எங்க இருக்குன்னுகூடத் தெரியல. நீயெல்லாம் என்ன மேனேஜர்?"

அம்மாள் வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"பேச மாட்டே. நாங்க பேசினா உனக்கெல்லாம் காதுல விழாது. ஆனா என் தங்கச்சி மட்டும், போன்ல வந்தவன் நேர்ல வந்தவன் எல்லாம் ஆத்தா அப்பன்னு இழுத்துத் திட்டினாலும் குத்துக்கல்லாட்டம் உக்காந்து கேக்கணும். மெஷினை அவளா செஞ்சா? அவளா உடைச்சா? 'அது நான் இல்லைங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா மெமோவாம். என்னம்மா சட்டம் இது? மனுஷங்க போட்ட சட்டமா?"

ஓங்கி மேஜையில் அடித்தான். போன்கள் இரண்டும் குதித்து விழுந்தன. வெளியே மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஒருவரும் திரும்பவில்லை. கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் வெளியே போகாதபடிக் கட்டியிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அவனுக்குத் தன்மேலும் கோபம் இருந்தது. ஆரம்பத்தில் அவள் அழுதுகொண்டு வந்தபோது, 'வேலைன்னா நாலு பேர் நாலு விதமாத்தான் பேசுவாங்க, காதைப் பொத்திக்கிட்டுப் போ' என்று புத்தி சொன்னவன் அவன்தான். அந்த ஆத்திரத்தையும் சேர்த்து இந்த அம்மாளின் தலையில் கொட்டினான்.

"ஒரு பொண்ணை அணுஅணுவா அரைச்சுட்டு இங்க ஏசில உக்காந்திருக்கியே, சோறு இறங்குதா உனக்கு? நீயெல்லாம் பொம்பளையா? உனக்கு நல்ல சாவே வராது, பாத்துக்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. இத்தனை நாளாக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. அம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியதைப் பார்த்தான். அழட்டும், தங்கை அழுததில் இது கால்வாசி வருமா என்றுதான் தோன்றியது.

"சாரி சார்," என்றாள் அம்மாள். "உங்க தங்கச்சி இனிமே வர வேண்டாம். போன் வராது, கேஸும் வராது. அவங்களைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க."

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சுலபமாகப் படிகிற ஆளா இவள்?

"வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"அது என்னால முடியாது சார்."

"ஏன் முடியாது? கூப்பிடறப்ப மட்டும் முடிஞ்சுதா?"

அம்மாள் மூடியிருந்த கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அவங்க சீட்டுக்கு நான் நேத்துதான் சார் வந்தேன்."