உடுத்தியபடியே

எல்லோர் கண்ணும் தன்மேல் விழட்டும் என்றுதான் ஜெசிந்தா தரையில் புரளும் அந்தச் சிவப்பு கவுனைப் போட்டுக்கொண்டு மாநகரத்துச் சந்தையைச் சுற்ற வந்திருந்தாள். வளையல் கடைக் கம்பி மாட்டி இடுப்போரம் கிழிந்ததும் அதே கண்கள் பொறுக்க முடியாதவையாகிவிட்டன. கிழிசலைப் பொத்தியபடி நடைபாதைத் தையல்காரியிடம் ஓடினாள்.

"கழட்ட இடமில்லக்கா. அப்படியே தச்சுவிட்டுருங்க."

"உடம்புல இருக்கற துணிமேல ஊசி வைக்கக் கூடாதும்மா."

"அதெல்லாம் யாருக்கா பாக்கறா? சீக்கிரம் தைங்க."

தையல்காரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜெசிந்தாவுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

நாலு கடை தாண்டியிருப்பாள். பின்னால் வந்த யாரோ மிதித்துவிட, "அம்மா!" என்று அலறினாள். உயிர் போகிற வலி. குனிந்து பார்த்தாள். மிதிபட்டது அவள் கால் அல்ல, தரையில் புரண்ட கவுனின் விளிம்பு.

முன்னும் பின்னும் ஜனம் நெருக்கியது. கவுனை வாரிச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாருக்கே, என்ன துணிம்மா இது?" என்றபடி துணிக்கடைக்காரி ஒருத்தி, கத்தரிக்கோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு விரல்களை நீட்டினாள்.