மூன்று துணுக்குகள்

சுதாவுக்கு முன்னால் உள்ளே போன ஆள் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தான். கக்கத்தில் பைல், முகத்தில் ஈயாடவில்லை.

"ரொம்ப கறாரும்மா. நமக்கு நடக்கல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

சுதா மடியிலிருந்த ஐஸ் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளை நம்பிப் பதினோரு பேர் இருக்கிறார்கள். இன்றைக்குக் காரியம் ஆகாவிட்டால் அத்தனை பேரும் என்ன செய்வார்கள்?

"என் பொண்ணு கூப்பிடுது, போம்மா" என்றாள், அதுவரை வாசலில் சுதாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த மரியம் பீவி.

நண்டுச் சதை எடுக்கும் தொழிலில் மரியம் பீவியின் மகள் ஃபர்ஹத்தைத் தெரியாதவர்கள் பழவேற்காட்டில் கிடையாது. மீஞ்சூர் கம்பெனியில் அவள் கை பட்டுப் போன சரக்கு, ஓடு கலந்திருக்கிறது என்று ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. கம்பெனி தூத்துக்குடிக்கு இடம் மாறியதும் அவள் ஊரோடு வந்துவிட்டாள்.

ஃபர்ஹத்தின் எதிரே நாற்காலியின் நுனியில் சுதா உட்கார்ந்தாள். அதிகம் வாயைத் திறக்கக் கூடாது, குரலையும் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று பொன்னேரியில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

"எத்தினி வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"ஆறு வருஷம்."

"இன்னா இவ்ளோ மெதுவா பேசுறீங்க? தொண்ட சரியில்லயா?"

"லேசா... சளி."

"சரி, சாம்பிள் குடுங்க."

சுதா பெட்டியிலிருந்து கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். ஃபர்ஹத்தின் விரல்கள் வெள்ளைச் சதைக்குள் மெல்ல நகர்ந்தன.

பட்டென்று கரண்ட் போனது. ஜன்னல் சாத்தியிருந்த அறை இருண்டது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

டக். டக். டக். மூன்று ஓட்டுத் துணுக்குகள் தட்டில் விழுந்தன.

"இதுல ஒண்ணு ஒரு கொழந்த தொண்டையில சிக்குச்சுன்னா இன்னா ஆவும்?"

"நல்லாத்தான் பாத்தோம்... கண்ணுல படல."

"சரக்கு திரும்பி வந்துச்சா?"

"ரெண்டு தடவ. இன்னொரு தடவ வந்தா அவ்ளோதான்னு வாங்குற கம்பெனில சொல்ட்டாங்க." அடக்கி வைத்திருந்த குரல் அவளையும் மீறி வெடித்தது. "உங்கள விட்டா எனக்கு வேற வழியே இல்லம்மா!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. தன் சொந்தக் குரலிலேயே கத்திவிட்டாள்!

விரல்கள் நின்றன. சுதாவுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஃபர்ஹத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல்ல எங்கம்மாகிட்ட பேசும்போதே கொரலு தெரிஞ்சிடுச்சு" என்றாள். "மூணு வருஷம் முன்னாடி உங்க ஷெட்டுக்கு வேலை கேட்டு வந்தப்ப, கண்ணு தெரியாத பொண்ணுக்கு இங்க இன்னா வேலைன்னு கேட்டீங்களே... திங்கக்கிழமை வந்து காட்டுறேன், முதலாளியம்மா!"