நூற்று நாற்பத்து நாலு பிறை

பன்னிரண்டு வருஷம் என்றால் எத்தனை நாள், சொல்லுங்கள் பார்ப்போம்?

நான் நாளை எண்ணவில்லை. பிறையை எண்ணினேன். நூற்று நாற்பத்து நாலு பிறை.

எண்ணி முடித்த அன்று, ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள், மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் நான் இருக்கும் வீட்டில் குர்பானி ஆட்டைச் சமைத்து மத்தியான விருந்து வைத்தேன்.

வெளியே மழை. உள்ளே பாயில் பதினைந்து பேர், எல்லாரும் நம் ஊர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள். நடுவில் பிச்சையை உட்கார வைத்தேன். எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீடு அவருடையது.

பிச்சை மலாக்காச் செட்டி. பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழில் அவருக்குச் சாமி பேரும் பலகாரப் பேரும்தான் தெரியும்.

அவருடைய அக்கா தெய்வானை இந்த வீட்டில் அம்மை கண்டு இறந்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டார்கள். ஒருவரும் பூட்டைத் தொடவில்லை.

நான் தொட்டேன். நாகூரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் எனக்குப் படுக்க இடமில்லை. அம்மை எனக்குச் சின்ன வயதிலேயே போட்டிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதல் வருஷம் பிச்சை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒருவன் படுத்து எழுந்து உயிரோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருஷத்திலிருந்து வேலியோரம் வந்து நிற்பார்.

"கப்பல்காரா, பீலா பாலேக்?"

ஊருக்கு எப்போது திரும்புகிறாய் என்று அர்த்தம். அடுத்த வருஷம் என்பேன். அதையேதான் ஊரில் இருக்கும் என் மனைவி ஹலீமாவுக்கும் எழுதுவேன். இரண்டு பேரும் நம்பினார்கள்.

பிறகு பிச்சை நம்பவில்லை. அவர் மனைவி காமாட்சி மீன் கழுவிய தண்ணீரை என் வாசலில் ஊற்றினாள். நான் அவர்கள் பக்கம் சாய்ந்த மாங்கிளையை, பூ வைக்கும்வரை காத்திருந்து வெட்டினேன். கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டுவார். போகமாட்டார். வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

எனக்கு வழி சொன்னவர் ஷரீஃபுதீன் நானா. கோர்ட் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர். சொந்தக்காரன் பன்னிரண்டு வருஷம் வழக்குப் போடாமல் விட்டால் வீடு இருக்கிறவனுக்கு, ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது என்றார். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீடு கைக்கு வந்ததும் ஹலீமாவைக் கப்பலேறச் சொல்வதாக இருந்தேன். நானா தனக்குப் பின்கட்டில் ஓர் அறை கேட்டார். அதற்கும் சரி என்றிருந்தேன்.

எல்லாருக்கும் சோறு வைத்தபின் எழுந்து நின்றேன். பிச்சைக்கு விளங்கட்டும் என்று மலாயில் சொன்னேன். இன்றோடு பன்னிரண்டு வருஷம். இனி எந்தக் கோர்ட்டும் என்னை இங்கிருந்து கிளப்ப முடியாது.

பிச்சை சோற்றைத் தொடவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நானாவைப் பார்த்தார். நானா ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, பின்கட்டுச் சாவி எப்போது என்று தமாஷாகக் கேட்டார்.

"வழி சொன்னவங்களுக்கெல்லாம் அறை குடுத்தா நான் எங்க நானா படுக்குறது? கோர்ட்டு வாசல்லயா?"

பாயில் எல்லாரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். கையிலிருந்த எலும்பை மட்டும் தட்டில் வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதும் போதவில்லை. பூட்டை எப்படி உடைத்தேன் தெரியுமா என்று பிச்சையிடம் கேட்டேன். இதுவும் மலாயில், ஒவ்வொரு சொல்லாக. அன்றைக்கு உங்கள் அம்மனுக்குத் திருவிழா. தெரு முழுக்கப் பந்தல், வேப்பிலை. மேளம் ஓங்கும்போதெல்லாம் சுத்தியலால் ஓர் அடி. நீங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பிச்சையின் கண் கலங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

நானா தெருப்பக்கம் திரும்பினார். மழைதான் பெய்துகொண்டிருந்தது. பந்தல் இல்லை, மேளம் இல்லை.

பிறைக் கணக்கில் வருஷத்துக்குப் பதினோரு நாள் குறையும் என்று முணுமுணுத்தபடி இடது கை விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு கணுவும் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"கோர்ட்டுல பிறை பாக்க மாட்டாங்க தம்பி. அங்க இங்கிலீஷ் மாசம்தான். அம்மன் திருவிழா வர்றதுக்கு இன்னும் நாலு மாசத்துக்கு மேல இருக்கு."

இத்தனை வருஷத்தில் நானும் நானாவும் எங்களுக்குள் தமிழைத் தவிர வேறு பேசியதில்லை.

இதை அவர் மலாயில் சொன்னார்.

பிச்சை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அக்கா போனபிறகு இந்த வீட்டில் அவர் சாப்பிட்டது அன்றுதான். இரண்டாம் முறையும் சோறு கேட்டார். நான்தான் பரிமாறினேன்.

மறுநாள் காலை கோர்ட் திறந்ததும் பிச்சை மனு கொடுத்தார். எழுதியவர் ஷரீஃபுதீன் நானா.