அனுமதி இல்லாத குரல்

“ஹலோ… ஹலோ… நீங்க பேசுறது நல்லாக் கேக்குது! உங்க ஊர்ல இப்பதான் விடியுதா?”

மூடிய அறைக்குள்ளிருந்து, மாமியார் வீட்டோடு இருக்கும் சின்ன மாப்பிள்ளையின் குரல் கூடம்வரை வந்தது. மாமியார் உதட்டில் விரலை வைத்து எல்லாரையும் அடக்கினார்.

“சத்தம் போடாதீங்க. மாப்பிள்ளை கடல் தாண்டிப் பேசிக்கிட்டிருக்கார்.”

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. வீட்டிலேயே வானொலிக் கருவி வைத்துப் பிற நாட்டவரோடு பேச அரசாங்க அனுமதி வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக அலுவலகப் படி ஏறி இறங்குகிறவர் அவர். தேர்வு எழுதித் தேறினார்; காவல் நிலையச் சான்றிதழ் கொடுத்தார்; அதன் தேதி காலாவதியானதும் மறுபடியும் வாங்கிக் கொடுத்தார்.

அவரைப் பார்த்து ஆசைப்பட்டு, அவருக்குப் பின்னால் விண்ணப்பித்தவர் சகலை. சாதாரண அச்சகக்காரர். அவருக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது?

வீடு திரும்பும் வழியில் மனைவி வாயை அடக்கவில்லை.

“என் தங்கச்சி புருஷன் எவ்வளவு பேசுறார், தொண்டை மணியாட்டம் இருக்கு. நீங்க காலையில மாடியில உக்காந்து சும்மா கேக்குறதோட சரி. உங்களுக்குத்தான் தொண்டை கட்டிப்போகுது!”

“மாடியில காத்து ஜாஸ்தி” என்றார் அவர், கரகரத்த குரலில்.

அனுமதி இல்லாதவர் வானொலியில் பிறர் பேச்சைக் கேட்கலாம். தாம் பேசக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். அவரும் தம் பெட்டியைத் திருகித் திருகிச் சகலையின் குரலைத் தேடிப் பார்த்துவிட்டார். ஒரு முறைகூட அகப்படவில்லை. பக்கத்தில் இருப்பவர்களை மதிக்காமல் தொலைதூரத்துக்கே பாயும் உயர்ந்த ரகக் கருவி போலும் என்று நினைக்க நினைக்க, எரிச்சல் இரண்டு பங்காயிற்று.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் அதிகாரியின் மேசைமுன் நின்றார்.

“எனக்குப் பின்னால வந்த என் சகலைக்கு முன்னால எப்படி சார் கொடுத்தீங்க?”

அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “யாருக்கு? உங்க சகலைக்கா? உங்க ஊர்ல நாங்க இன்னும் ஒருத்தருக்கும் அனுமதி தரலையே!”

கடைக்காரரின் நெஞ்சுக்குள் குளிர்ந்த நீர் ஊற்றியது போலிருந்தது. “அப்ப திருட்டுத்தனமாப் பேசுறான் சார்! கதவுக்கு வெளியே நின்னு என் காதாலயே கேட்டேன்.”

“அப்படியா? அனுமதி இல்லாமப் பேசி மாட்டிக்கிட்டா பெட்டியும் போச்சு, விண்ணப்பமும் போச்சு. அப்புறம் ஆயுசுக்கும் கிடைக்காது.”

“ரொம்ப நியாயம் சார்.”

“உங்களை மாதிரிப் பொறுமையாக் காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தரணும். உங்க ஃபைல் என் கையெழுத்துக்குத்தான் நிக்குது. உங்க சகலை விஷயத்தை நேர்ல பாத்து முடிச்சுட்டு வந்ததும் போட்டுடறேன்.”

சிங்கத்துக்கு வழிகாட்டப் புறப்பட்ட நரியைப் போல், அன்று மாலை கடைக்காரர் அலுவலக ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துகொண்டார். இந்தத் தெருவில் திரும்புங்கள், அந்தப் பச்சைக் கதவு என்று வழி சொல்லும்போது தொண்டைக்கட்டுகூட மறந்துபோயிற்று.

மாமியார் பதறி எழுவதற்குள் அதிகாரி அறைக்கதவைத் தள்ளினார். “ஹலோ, உங்க ஊர்ல மழையா?” என்று கேட்டுக்கொண்டிருந்த சகலையின் கையிலிருந்து மைக் நழுவியது.

அதிகாரி திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். மைக்கிலிருந்து வந்த வயரைப் பிடித்து இழுத்தார். அது முழுதாகக் கையோடு வந்தது.

“பேசுறதுக்கான பாகமே இதுல இல்லையே! இது வெறும் கேக்குற பெட்டி. யாரோடய்யா இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தீங்க?”

சகலை தலைகுனிந்தார். “யாரோடயும் இல்ல சார்… சும்மா.”

கடைக்காரரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அடப்பாவி! இதுக்கா அத்தை எங்க எல்லாரையும் மூச்சு விடாம உக்கார வச்சாங்க?”

மாமியார் மெல்லச் சமையலறைக்குள் மறைந்தார்.

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. “கேக்குற பெட்டி வச்சிருக்கிறது குத்தமில்ல. உங்க விண்ணப்பத்துக்கு ஒரு பாதகமும் வராது. ஆனா எதுக்கு இந்த நாடகம்?”

சகலை நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை; ஏக்கம்தான் இருந்தது.

“வயித்தெரிச்சல்தான் சார். அண்ணன் எனக்கு முன்னால அனுமதி வாங்கிட்டார். யார்கிட்டயும் பீத்திக்காம அடக்கமா வேற இருக்கார். அவர் முன்னால நான் ஒண்ணுமில்லாதவனா நிக்கக் கூடாதுன்னு…”

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அண்ணனுக்கு அனுமதி கிடைச்சிடுச்சா?” அதிகாரியின் கையில் திருப்புளி அசையாமல் நின்றது. “உங்களுக்கு யார் சொன்னது?”

“யாராவது சொல்லணுமா சார்? தினமும் காலையில அவர் பேசுறதுதான் என் பெட்டியில தெளிவாக் கேக்குதே!”