கால் விழாத படம்

கால் எரிந்தது.

வெயில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் எரிச்சல் கணுக்காலைத் தாண்டி மேலே வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் புண் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய்க் கடிக்கும்.

அவள் உப்பள வரப்பின்மேல் நின்றாள். அசையக் கூடாது என்று படம் எடுக்க வந்தவன் சொல்லியிருந்தான்.

அவன் இன்னும் லென்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

முக்காலியின்மேல் மரப்பெட்டி கேமரா. அதன் காலடியில் துண்டு விரித்து மூன்று லென்ஸ். ஒன்றை எடுப்பான். வெளிச்சத்துக்குக் காட்டுவான். ஊதுவான். வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பான்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான், மதினி," என்றாள் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ராசகனி.

வரப்பில் நின்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருசமும் இவன்தான் வந்தான். இதே வரப்பு. அன்று மாட்டியது மஞ்சளாக மின்னுகிற பித்தளை லென்ஸ். நூறு வருசத்துச் சாமான்க்கா, இதுதான் எனக்கு உசுரு என்றான். அதில் எடுத்த படம் சென்னையில் ஒரு மண்டபத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்கியதாம். அவளுக்கும் ஒன்றைச் சுருட்டி அனுப்பிவைத்தான்.

அதில் கால் இருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். நின்றவளுக்குக் கால் இல்லாமலா போகும்?

அளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு பூட்ஸ் வேண்டும் என்று மனு கொடுத்திருந்தார்கள். எங்கள் அளத்தில் யாருக்கும் புண்ணே இல்லை என்றது முதலாளி தரப்பு. பெண்கள் தங்கள் புண்ணைச் செல்போனில் எடுத்த படங்களை நீட்டினார்கள். இதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அதிகாரி தள்ளிவிட்டார்.

சரி, இது பிலிமில் எடுத்தது, சென்னையில் மாட்டியது என்று இந்தப் படத்தைச் சுருள் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு போனாள்.

அதிகாரி விரித்துப் பார்த்தார்.

முகம் சாமி படம் மாதிரி இருந்தது. கண் இரண்டும் அப்படியே உயிரோடு. கழுத்துக்குக் கீழே பாலைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு புகை. கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மினுமினுப்பு.

"லட்சுமி கடாட்சமா இருக்கீங்க. இதுல புண்ணு எங்கம்மா?"

மேசைக்கு இந்தப் பக்கம் அவள் கால் நின்றுகொண்டிருந்தது. எட்டிப் பார்க்க அவருக்கு இடுப்பு வளையவில்லை.

மனு தள்ளுபடி.

புத்தகம் போடுகிறேன், இன்னொரு தடவை உங்கள் முகம் வேண்டும் என்று இவன் போன் செய்தபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். முதலில் கால். அப்புறம் மூஞ்சி.

சரிக்கா என்றான்.

இப்போது கறுப்பு லென்ஸைக் கையில் எடுத்தான். மினுக்கு எதுவும் இல்லாத சாமான்.

"வரைபடத்தை நகல் எடுக்கறதுக்குன்னு செஞ்சதுக்கா இது. ஒண்ணு விடாது. நகக்கண்ணு அழுக்கு வரைக்கும் வந்துடும். ஆனா உயிரே இருக்காது."

"உசுரு புண்ணுல இருக்கு, தம்பி. நீங்க அத மாட்டுங்க."

அவன் சிரித்தான்.

அப்போது சூரியன் உப்பு அம்பாரத்துக்கு மேலே வந்தது. குவித்துக் கிடந்த உப்பெல்லாம் ஒரே நொடியில் சிவந்தது. பாத்தித் தண்ணீரும் சிவந்தது. அவள் முகத்திலும் அது ஏறியிருக்க வேண்டும். அவன் அவளையே பார்த்தான். பார்த்தபடியே கறுப்பைக் கீழே வைத்தான்.

கை பித்தளைக்குப் போனது.

"தம்பி, என்ன அது?"

"இந்த வெளிச்சம் இப்பப் போயிடும்க்கா. முகத்தை மொதல்ல எடுத்துக்கறேன். கால் எங்க போயிடப் போகுது?"

பித்தளையை மாட்டிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

கால் எங்கே போகும்.

கூட உப்பு வாரிய வேலம்மாளின் கால் போனது. புண் புரையோடி, கணுக்காலுக்கு மேலே அறுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அதை எங்கே போட்டார்கள் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. இப்போது வேலம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் எரிந்து விழுகிறாள்.

வரப்பில் நின்றபடி அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பிளவுக்குள் உப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.

துணிக்குள்ளிருந்து அவன் வெளியே வந்தான். பிலிமைச் செருகினான். பித்தளையின் மூடியைப் பிடித்துக்கொண்டான்.

"மூச்சைப் பிடிச்சுக்கங்க. மூடியத் திறந்ததும் அசையக் கூடாது."

திறந்தான்.

அவள் நடந்தாள்.

அவசரமில்லாமல், லென்ஸுக்குக் குறுக்கே, வரப்பைவிட்டு இறங்கிப் பாத்திக்குள் போனாள்.

"அக்கா, என்னக்கா. பிலிம் வீணாப் போச்சே."

"போட்டும். எங்காலுந்தான் வீணாப் போவுது. அதுக்கு ஒரு வார்த்த கேட்டீயளா?"

ராசகனி உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிவப்பு வடிந்து உப்பு பழையபடி வெறும் உப்பாக வெளுத்தது. கண்ணைக் குத்துகிற வெயில். எல்லாம் அப்பட்டமாகத் தெரிகிற வெயில்.

அவள் பாத்தியில் கிடந்த தன் பலகையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் புண்ணுக்குள் ஏறியது.

பின்னால் லென்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வேறொன்றை மாட்டவா, பெட்டியில் வைத்து மூடவா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் அவளுக்குத் தர வேண்டியது ஒரே ஒரு படம். கால் தெரிகிற படம். அது இன்னும் பாக்கி.