வற்றிய அணையில் ஒரு விரால்

அணை வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் டீ நிறத்தில் மினுங்குகிறது. ஊரே அதில் இறங்கி மீன் துரத்துகிறது. வெடித்துக் கிடக்கும் வண்டலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் முத்துப்பேச்சி. ஏழாம் மாதம். விரால் குழம்புக்கு ஒரு வாரமாக நாக்கு ஏங்குகிறது. பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு பனியனின் கைகளையும் அடியையும் அவளே தைத்து மூடிக் கொடுத்திருக்கிறாள். கழுத்து மட்டும் திறந்திருக்கும் அந்தப் பையோடு முழங்கால் சேற்றில் தடுமாறுகிறான் அவள் புருஷன் முனீஸ். "ஏலே மாப்ள, மீனு பனியனப் போட்டுப் பாத்துட்டு, சைஸு சேரலன்னு போவுதுலே!" என்று கத்துகிறான், கம்பெனியில் அவனுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் ஆரோக்கியராஜ். குட்டையே சிரிக்கிறது. அடுத்த நொடி முனீஸ் குப்புற விழுகிறான். எழும்போது அவன் முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளை. நெஞ்சோடு அணைத்த பனியனுக்குள் முழங்கை நீள விரால் ஒன்று துள்ளுகிறது. "தங்கச்சி, கழுவ வீட்டுல தண்ணி கெடக்கா?" என்கிறான் ஆரோக்கியராஜ். நாளைக் காலையில் லாரி வரும்வரை இருப்பது ஒரே ஒரு குடம். முத்துப்பேச்சி மீனைப் பார்க்கிறாள். சேறு சொட்டச் சொட்ட நிற்கும் புருஷனையும் பார்க்கிறாள். "ஒரு கொடம் தண்ணி மீனுக்குத்தான் காணும். நீங்க இப்படி வெயில்ல நில்லுங்க, காஞ்சா தானா உதிர்ந்துரும்."