வைரவர் சாட்சி

"இராசநாயகம் அண்ணை சத்தியத்தை முறிச்சிட்டாராம்!"

மயிலிட்டித் துறைமுகத்தில் அன்று மீனைவிட வேகமாகக் கைமாறியது இந்தச் செய்திதான்.

சத்தியம் சின்ன விஷயமில்லை. முதலாளி குகதாசன் பற்றரியில் ஓடும் லொறி ஒன்றை இறக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதுமே, அவரிடம் மீன் லொறி ஓட்டும் நான்கு சாரதிகளும் துறைமுகத்தடி வைரவர் கோயிலில் கூடிவிட்டார்கள்.

"உது கொழும்புக்குப் போய்ச் சேருமோ? நடுவழியிலை சார்ஜ் இறங்கினா ஆர் தள்ளுறது?" என்றான் செந்தூரன். நால்வரில் இளையவன்.

"லொறியை இழுக்கிறதும் அந்தப் பற்றரிதான், மீனைக் குளிரிலை வைக்கிறதும் அந்தப் பற்றரிதான். ரெண்டும் ஒண்டா நிண்டா? மீன் நாறினா முதலாளி பற்றரியைப் பிடிக்கமாட்டார், எங்களைத்தான் பிடிப்பார்" என்றான் தேவராசா.

"கறண்ட் இல்லாத நாளிலை என்ன செய்யிறது?" மூத்தவரான இராசநாயகமும் கேட்டார். அவருக்கும் அதே பயம்தான்.

கடைசியில் தேவராசா கற்பூரம் வாங்கிவந்தான். ஆளுக்கொரு கட்டியைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, அந்த லொறியின் சாவியைத் தொடுவதில்லை என்று நால்வரும் சத்தியம் செய்தார்கள்.

லொறி வந்தது. வந்த கையோடு இராசநாயகம் சாவியை வாங்கிக்கொண்டார்.

துறைமுக வாசலில் தேவராசா லொறியை மறித்தான்.

"அண்ணை, இறங்குங்கோ! வைரவருக்கு முன்னாலை என்ன சொன்னனீங்கள்?"

"சொன்னனான்தான்."

"பிறகு?"

"வழியை விடு தம்பி. மீன் பழுதாப் போகும்."

தேவராசா நிலத்தில் துப்பினான். "முதலாளிக்கு வால் பிடிக்கிற மனிசனோடை இனி எங்களுக்கு நன்மை தின்மை இல்லை!"

நன்மை தின்மை இல்லையென்றால் கலியாண வீடும் இல்லை, செத்த வீடும் இல்லை. வடக்கில் ஒரு மனிதனை உயிரோடு வைத்துக்கொண்டே ஊரைவிட்டுத் தள்ளும் வழி அது.

தேத்தண்ணிக் கடையில் இராசநாயகம் வந்து இருந்தால் மற்ற மூவரும் எழுந்துவிடுவார்கள். "அண்ணைக்கு ஏசி சீற்றிலை ஆசை வந்திட்டுது" என்று செந்தூரன் அவருக்குக் கேட்கவே சொல்வான். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போவார். வைரவர் கோயிலைக் கடக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். குற்றமுள்ள நெஞ்சு என்றார்கள்.

புது லொறி வந்ததால் பழையது ஒன்றை முதலாளி விற்றார். தேவராசா ஓட்டிய ஓட்டை லொறிதான் விலைப்பட்டது. இராசநாயகம் விட்டுப்போன நல்ல லொறி தேவராசாவுக்கு வந்தது. ஆளை வேண்டாம் என்றவன், அவருடைய லொறியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் தேவராசாவின் மூத்த மகள் பெரியபிள்ளையானாள்; சாமத்தியச் சடங்குக்கு நாள் வைத்தார்கள். துறைமுகத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு, முதலாளி வீட்டுக்கும் நேரில் போனான்.

"இராசநாயகத்துக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டார் குகதாசன்.

"சத்தியம் முறிச்ச மனிசன் என்ரை வீட்டுப் படி ஏறக்கூடாது முதலாளி."

குகதாசன் அவனை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார்.

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டு அந்த மனிசன் கேட்டவர். ஆனா உதைக் கேட்டுக்கொண்டு என்னாலை சும்மா இருக்கேலாது. உம்மடை லொறியை விக்கிறதெண்டு நான் முதலே முடிவெடுத்திட்டன். பற்றரி லொறியை உமக்குத்தான் தர இருந்தனான். மாட்டனெண்டால் உம்மை வேலையாலை நிப்பாட்டுறதைவிட எனக்கு வேறை வழியில்லை."

"அப்ப இராசநாயகம் அண்ணை?" என்றான் தேவராசா.

"இராசநாயகத்தைக் கூப்பிட்டுத்தான் உமக்குச் சொல்லச் சொன்னனான். 'அவன் சத்தியம் பண்ணிப்போட்டான் முதலாளி. என்ரை லொறியை அவனுக்குக் குடுங்கோ, நான் புதுசை எடுக்கிறன்' எண்டார்."

முதலாளி வீட்டுப் பின்வளவில் பற்றரி லொறி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இராசநாயகம் பக்கத்தில் நின்று அந்தத் தடித்த வயரைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவராசா அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"ஏன் அண்ணை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ வேலைக்காக இதிலை ஏறியிருப்பாய்."

"ஏறினா என்ன? நீங்கள் ஏறினனீங்கள்தானே? உங்களுக்கு மட்டும் பயமில்லையோ?"

"ஏன் இல்லை? ஆனையிறவு தாண்டினா, சார்ஜ் எவ்வளவு இருக்கெண்டு பார்த்துப் பார்த்துத்தான் ஓடுறன். எங்கை நிண்டுபோகுமோ எண்டு நெஞ்சு இடிக்கும்."

"நான் லொறிப் பயத்தைக் கேக்கேல்லை அண்ணை. வைரவர் பயத்தைக் கேக்கிறன்."

இராசநாயகம் வயரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"முறிச்ச சத்தியம் பெத்த பிள்ளையளின்ரை தலையிலைதான் விடியுமெண்டு சொல்லுவினம். உனக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள். எனக்கும் என்ரை மனிசிக்கும் ஆர் தம்பி இருக்கினம், வைரவர் தொடுறதுக்கு?"